மீனம்பாக்கத்தில் பொரியாத முட்டைகள்

"முட்டையில் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. மீனம்பாக்கம் வந்ததும் உடனே எடுத்துப் போகவும்." டெல்லியிலிருந்து எனக்கு இப்படி ஒரு தந்தி வந்தது. புள்ளி விழுந்தால் புழு வெளியே வர நாளாகாது. முட்டையோ இன்னும் டெல்லியை விட்டே கிளம்பவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலையில் பட்டுப்புழு வளர்க்கக் கற்றுக்கொடுக்கும் டெமான்ஸ்ட்ரேட்டர் நான். அந்த மார்கழிக்கு ஸ்ரீநகரிலிருந்து உயர்ரக முட்டை வருவதாக ஏற்பாடு. எங்கள் அதிகாரி சுவர் மேப்பில் ஸ்கேலை வைத்து அளந்திருந்தார்.

"ரெண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர்யா. டெல்லியில மாத்தினாலும் பறக்கிறது நாலு மணி நேரம். காலையில ஏத்தினா சாயந்திரம் மீனம்பாக்கம். அப்புறமும் பொரியறதுக்கு மூணு நாள் இருக்கு."

மேப்பில் பனி கொட்டாது. ஸ்ரீநகரில் கொட்டியது. அங்கிருந்து ஒரு வழியாகக் கிளம்பினால் டெல்லியில் மூடுபனி. கையில் இருந்த நாளெல்லாம் அங்கேயே தீர்ந்தது. நல்ல வேளையாக, டெல்லியில் எங்கள் துறை ஆள் ஒருவர் முட்டை அட்டைகளைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றிவிட்டார். இருட்டில் இருந்தால் முட்டை கொஞ்சம் பொறுக்கும். வெளிச்சம் பட்டதும் மொத்தமாகப் பொரியும்.

மலையில் சின்னப்பாப்பா காத்திருந்தார். வீட்டுக்காரர் சாமை விதைக்கும் கொல்லையில் அடம்பிடித்து மல்பெரி நட்டவர்.

"இன்னா சார், பூச்சி வருமா வராதா? இந்த தபா வரலன்னா செடியெல்லாம் புடுங்கிட்டு சாமை போடுவேன்னு எங்க வூட்டுக்காரு சொல்லிகினு இருக்காரு."

"வந்துடும்மா" என்று சொல்லிவிட்டு மெட்ராஸ் பஸ் ஏறினேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ.

டெல்லியில் மூடுபனி விலகி, மீனம்பாக்கத்தில் பெட்டி இறங்கியது. செக்யூரிட்டி அதிகாரி விடவில்லை.

"இன்னாயா இது, கறுப்புக் காகிதம்? தொறந்து காட்டு."

"பட்டுப்பூச்சி முட்டை சார். வெளிச்சம் பட்டா இங்கயே பொரிஞ்சிடும். பொரிஞ்சா உடனே தழை கேக்கும். மல்பெரித் தழைக்கு நான் மீனம்பாக்கத்துல எங்க சார் போவேன்?"

என் முகத்தைப் பார்த்தார். பெட்டியை ஜன்னலில்லாத ஸ்டோர் ரூமுக்குள் தூக்கிப் போய், கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு, காகிதத்தைப் பிரித்துத் தடவிப் பார்த்தார்.

"எள்ளு ஒட்டினாப்ல இருக்குய்யா!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"அதான் சார் முட்டை!"

அவரே இருட்டில் காகிதத்தைச் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மனிதர் நன்றாயிருக்கட்டும்.

அடிவாரத்துப் போளூரிலிருந்து ஜீப்பில் மலையேறி, மறுநாள் காலை சின்னப்பாப்பாவின் வளர்ப்பு அறையில் காகிதத்தைப் பிரித்தேன். அட்டைமேல் வெளிச்சம் விழுந்தது. ஒன்றும் அசையவில்லை. வெளியே வீட்டுக்காரர் செருமும் சத்தம் கேட்டது. வழியிலேயே செத்துவிட்டதோ என்று அட்டையை முகத்தருகே தூக்கிப் பார்த்தேன்.

"சார், ஊருதுங்க!" என்றார் சின்னப்பாப்பா.

அட்டை முழுக்கக் கத்தரித்த மயிர் போலப் புழுக்கள் நெளிந்தன. அப்பாடா! தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது மேல்துண்டு நிறையக் கொழுந்துத் தழை.

"இது போதுமா, இன்னும் பறிச்சாரட்டா?" என்று மனைவியிடம் கேட்டார்.

இத்துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, விமானம் நாலு மணி நேரம்தான் பறக்கும். அது பறக்காமல் நிற்கும் நாட்களையும் கணக்கில் சேர்த்து முட்டை கேட்டு எழுதுங்கள். உங்கள் வார்த்தையை நம்பி யாரோ ஒருவர் வீட்டில் சண்டை போட்டுச் செடி நட்டிருப்பார்.