பட்டு கவுனில் தெறித்த துளி

அந்தக் கடையில் அவளை எல்லோரும் 'குண்டூசி' என்றுதான் கூப்பிடுவார்கள். வாடிக்கைக்காரிகளின் காலடியில் மண்டியிட்டு, உதட்டில் நாலைந்து குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, பட்டு கவுனின் விளிம்பை மடித்துக் குத்துவது அவள் வேலை. இடுப்பு பிடிக்கிறது, தோள் நழுவுகிறது என்று எந்தக் குறை சொன்னாலும், தையல் போட்ட தடம் தெரியாமல் சரிசெய்து தந்துவிடுவாள்.

பின்னறையில் அவளுக்கு ஒரே துணை, துணி தேய்க்கும் அக்கா. நாள் முழுக்க நீராவிக்குள் நின்றதால் அவளுக்கு 'ஆவி' என்று பேர். "உயிரோட இருக்கும்போதே ஆவின்னு பேர் வாங்கினவ நான் ஒருத்திதான்டி" என்று தானே சொல்லிச் சிரிப்பாள். குண்டூசியின் மகள் காய்ச்சலில் கிடந்த பத்து நாளும் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டவளும் அவள்தான்.

ஒருநாள் மதியம் பால்வெள்ளையில் ஒரு கவுன் தேய்க்க வந்திருந்தது. கடையிலேயே விலை கூடியது. உடுத்தப்போகிறவள் நாலு மணிக்கு வந்துவிடுவாள். ஆவி சாப்பிடப் போயிருந்தாள். காத்திருக்கப் பொறுமையில்லாமல் குண்டூசி தானே இஸ்திரிப்பெட்டியை எடுத்தாள். அதன் அடியிலிருந்து ஒரு சொட்டு வெந்நீர் கவுனின் முன்பக்கத்தில் தெறித்தது. பதற்றத்தில் ஈரத்துணியால் ஒற்றினாள். மிளகளவு இருந்த கறை உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. கவுனை ஆவி தேய்த்த துணிகளை மாட்டும் கம்பியில் மாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

ஆவி சாப்பிட்டுத் திரும்பிய சற்று நேரத்தில் மேலாளர் அம்மா கவுனைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தார். "ஏம்மா, கண்ணை எங்க வெச்சுக்கிட்டுத் தேய்ச்சே?"

"சத்தியமா நான் அதைத் தொடவே இல்லம்மா" என்ற ஆவி, திரும்பிக் குண்டூசியைப் பார்த்தாள்.

அதற்குள் பின்னறைக்குத் திரும்பியிருந்த குண்டூசி வேறொரு கவுனின் விளிம்பில் குனிந்திருந்தாள். வாயில் ஊசி இருந்தது. ஊசியைத் துப்ப எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அவள் துப்பவில்லை. அன்றைக்கே ஆவியின் சீட்டு கிழிந்தது.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று முதல் வாரம் நினைத்தாள். பிறகு, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்படியே இரண்டு வருடம் ஓடிப்போனது. ஆவி ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருப்பதாகக் காதில் விழுந்தபோது மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. விடுமுறை நாளில் கிளம்பிப் போனாள்.

ஆவி படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. குண்டூசி நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"தெரியும்" என்றாள் ஆவி. "அந்த ரூம்ல இருந்ததே நாம ரெண்டு பேர். நான் செய்யலேன்னா வேற யாரு?"

"அப்புறம் ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டே நின்னேன்."

ஆவி அவளை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் குண்டூசி.

மறுநாள் மேலாளர் அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"ரெண்டு வருஷம் கழிச்சு இப்ப எதுக்கும்மா இதெல்லாம்? போய் வேலையைப் பாரு."

"அவங்களுக்கு ஒரு போன் போட்டு, தப்பு உங்க மேல இல்லைன்னு சொல்லுங்கம்மா. திரும்ப வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன்."

மேலாளர் அம்மா முணுமுணுத்துக்கொண்டே போன் போட்டார். ஆவி முழுவதையும் கேட்டுவிட்டு, "சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்கம்மா" என்றாளாம். வர மட்டும் மாட்டேன் என்றுவிட்டாளாம்.

பின்னறையில் இப்போது வேறொரு பெண் தேய்க்கிறாள். நல்ல பெண்தான், கலகலவென்று பேசுகிறவள். குண்டூசிதான் அவளோடு அதிகம் ஒட்டுவதில்லை.