மூன்றாவது வயலில் விழுந்த என்ஜின்

அந்தமானின் சிப்பிகாட் கிராமத்தில், செல்வத்தின் படகில் உட்கார்ந்திருக்கிறேன். சுற்றிலும் ஏரி போல உப்புத்தண்ணீர். காலையில் படகின் என்ஜின் கழன்று இதற்குள் விழுந்துவிட்டது. இருட்டுவதற்குள் எடுக்காவிட்டால் உப்பேறி வீணாகிவிடுமாம்.

"எந்த இடத்துல விழுந்துச்சு?"

"நம்ம மூணாவது வயல்ல சார்."

நான் தண்ணீரைப் பார்க்கிறேன். இதில் வயல் எங்கே இருக்கிறது?

செல்வம் மூங்கில் கழியால் அடியைக் குத்திக்கொண்டே போகிறார். கழி ஆழமாக இறங்கினால் வயல், சட்டென்று தட்டினால் வரப்பு. சுனாமியில் முழுகிப்போன நிலத்தை வரப்பு வரப்பாக எண்ணுகிறார். பாதியில் கணக்கு தவறிவிடுகிறது.

"அரே, இது நம்ம வயலா, பக்கத்து வங்காளிக்காரரோடதா?" என்று என்னையே கேட்கிறார். என்னிடம் கேட்டால்?

திடீரென்று கழி இரும்பில் இடிக்கிறது. கொக்கிக் கயிற்றை இறக்கி இருவரும் மூச்சுப்பிடித்து இழுக்கிறோம். மேலே வருவது சிப்பி அப்பிய, துருப்பிடித்த பழைய பம்ப்செட்.

"இது அப்பாவோடது சார். கிணத்தடியில கிடந்துச்சு." செல்வத்தின் முகம் தெளிகிறது. "டீக் ஹை, சரியாப்போச்சு. இங்கேருந்து மூணாவது வயலுக்கு ரெண்டு வரப்புதான்."

பம்ப்செட்டைப் படகில் ஏற்றக் கை நீட்டுகிறேன். அவரோ கயிற்றை மெல்லத் தளர்த்தி, எடுத்த இடத்திலேயே அதை இறக்குகிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏன் விடுறீங்க? வீட்டுக்குக் கொண்டுபோகலாமே?"

"இதை எடுத்துட்டா, அப்புறம் நம்ம நிலம் எதுன்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது?"