இரண்டு ஆம்ப்ளிஃபையரும் ஒரு எர்த் பின்னும்

1. மதியம் மூன்று மணி

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாலை வரவேற்புக்காக இசைக்குழு மேடையில் சத்தம் சரிபார்த்துக்கொண்டிருந்தது. கிடார் வாசிக்கும் ஜெரால்டு சார் மைக்கின் உயரத்தைச் சரிசெய்ய வலது கையால் அதைப் பிடித்தார். இடது கை கிடார் கம்பிகளின் மேல் இருந்தது. அப்படியே நின்றுவிட்டார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் இருந்த தபேலாக்காரர் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்.

ஆம்ப்ளிஃபையரைப் பார்த்துக்கொள்ள மேடையோரம் நின்ற எனக்கு, ஷாக் என்று புரிந்துவிட்டது. "யாரும் அவரத் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடி ஆம்ப்ளிஃபையரின் பிளக்கைப் பிடுங்கினேன். சார் மேடையிலேயே சரிந்து உட்கார்ந்தார்.

பக்கத்து கிளினிக்கில் டாக்டர் இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டு, பயமில்லை என்றார். விரல்களில் கொப்புளம். இரண்டு வாரம் கிடாரைத் தொடக்கூடாது.

நான் கிளினிக் வாசலில் நின்றுதான் கையைப் பார்த்தேன். பிடுங்கிய வேகத்தில் செட்டிலிருந்து கழன்று வந்த ஒயரும் பிளக்கும் இன்னும் கையில் இருந்தன. மூன்று பின் இருக்கவேண்டிய பிளக்கில் இரண்டுதான் இருந்தன. மூன்றாவதான பெரிய எர்த் பின்னை மூன்று நாளுக்கு முன் ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கழற்றியது நான்.

2. ஏன் கழற்றினேன்

என் பெயர் சாந்தாமணி. தொண்ணூறுகளின் நடுவில், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த கையோடு, டவுன்ஹால் பக்கம் காதர் பாய் வைத்திருந்த ஆம்ப்ளிஃபையர் சர்வீஸ் கடையில் சேர்ந்தேன்.

ஜெரால்டு சார் பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடுமுறை நாட்களில் இசைக்குழுவில் கிடார். அவரிடம் இரண்டு ஆம்ப்ளிஃபையர் இருந்தன. ஒன்று டிரான்சிஸ்டர் செட். இன்னொன்று ஊட்டியில் யாரோ வீட்டைக் காலி செய்தபோது வாங்கிய பழைய வால்வ் செட்.

"ஒண்ணுல தெளிவு இருக்குதுங்க. இன்னொண்ணுல கனம் இருக்குதுங்க. ரெண்டும் ஒரே நேரத்துல வேணுங்க, அம்மணி" என்று கேட்டு வந்தார்.

கிடாரிலிருந்து வரும் கேபிளை இரண்டாகப் பிரித்து இரண்டு செட்டிலும் செருகினேன். 'ம்ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் கடையையே நிறைத்தது. கேபிளை மாற்றினேன், சாக்கெட்டைத் துடைத்தேன். நிற்கவில்லை.

காதர் பாய் தன் மேசையிலிருந்தே சொன்னார். "எர்த் பின்னக் கழட்டிப்போடும்மா. ஊர்ல எல்லாரும் அதத்தான் செய்யறாங்க."

வால்வ் செட்டின் எர்த் பின்னைக் கழற்றினேன். இரைச்சல் சட்டென்று நின்றது. சார் நாலைந்து கம்பிகளைச் சேர்த்து மீட்டி ஒரு கார்டு வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் பெருமையாக இருந்தது.

விபத்துக்குப் பிறகு பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. முகம் கறுத்துப்போயிருந்தது. "பிளக்கு பழசுன்னு சாருகிட்டச் சொல்லிப்போட்டேன். நீ ஒண்ணும் பேசாத கண்ணு" என்றார். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

3. மூன்றாம் நாள் மட்டும் ஏன்?

ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. பின்னைக் கழற்றிய பிறகு இரண்டு நாள் அதே செட்டில் ஒத்திகை பார்த்திருக்கிறார். அப்போது ஏன் ஷாக் அடிக்கவில்லை?

வால்வ் செட்டைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பவர் டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் ஐப்பசி மழை ஈரத்தில் நமத்துப்போய், கரண்ட் இரும்புச் சட்டத்துக்குக் கசிந்துகொண்டிருந்தது. எர்த் இருந்திருந்தால் அந்தக் கசிவு பூமிக்குப் போயிருக்கும். எர்த் இல்லை. ஆனால் முதல் இரண்டு நாள் இரண்டு செட்டும் கிடார் கேபிள் வழியாகச் சேர்ந்திருந்தன. கேபிளின் வெளிச்சுற்றுக் கம்பி வழியாக டிரான்சிஸ்டர் செட்டின் எர்த்துக்குக் கசிவு போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் நாள், கனமான சத்தத்தை மட்டும் தனியாகக் கேட்டுப்பார்க்க, சார் டிரான்சிஸ்டர் செட்டின் கேபிளை உருவியிருக்கிறார். அதற்குப் பிறகு கரண்ட் கிடார் கம்பியில் வழி தேடி நின்றது. அவர் எர்த்தோடு சேர்ந்த மைக்கைப் பிடித்தார்.

இது விளங்கியதும் பயம் போய்விடவில்லை. ஆனால் இன்னொரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த இரைச்சல்தான் எங்கிருந்து வந்தது?

தனித்தனியாக ஓட்டினால் இரண்டு செட்டும் அமைதி. கேபிளால் சேர்த்தால் இரைச்சல். ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். சுவரின் எர்த், அங்கிருந்து முதல் செட், கேபிள், இரண்டாவது செட், மறுபடி சுவரின் எர்த். பென்சிலைத் தூக்காமல் வரைய முடிந்தது. அது ஒரு வளையம். அந்த வளையத்தில் ஓடும் சின்னக் கரண்ட்தான் இரைச்சலாகக் கேட்கிறது. வளையத்தை எங்கேயாவது வெட்டத்தான் வேண்டும். நான் வெட்டியது மனிதனைக் காப்பாற்றுகிற இடத்தில். சத்தம் மட்டும் போகிற கேபிளில் வெட்டியிருக்கவேண்டும்.

கேபிளை வெட்டினால் சத்தம் எப்படிப் போகும்? டிரான்ஸ்ஃபார்மரில் இந்தப் பக்கச் சுருளும் அந்தப் பக்கச் சுருளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனாலும் சிக்னல் போகிறது.

உக்கடம் பழைய சாமான் கடைகளில் தேடி, டெலிபோன் லைனில் போடுகிற ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மரை வாங்கிவந்தேன். வால்வ் செட்டுக்குப் போகும் கேபிளின் நடுவில் அதை வைத்தேன். இரண்டு செட்டுக்கும் எர்த் பின் உண்டு. இரைச்சல் இல்லை! ஆனால் கிடார் சத்தமும் கம்பளிக்குள் போர்த்தியதுபோல் செத்துக் கிடந்தது. கிடாரின் மெல்லிய சிக்னலால் அந்தச் சுருளை ஓட்ட முடியவில்லை. முன்னால் சிக்னலுக்கு வலுக் கொடுக்கும் ஒரு சின்ன பஃபர் சர்க்யூட், ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடுவது, போட்டேன். உயிர் வந்தது. எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் அடைத்தேன். டப்பாவை வால்வ் செட்டின் மேல் வைத்தால், அதன் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தம் பட்டு லேசாக முனகியது. நாலு அடி தள்ளி வைத்ததும் அடங்கிவிட்டது.

பாய் எழுந்து வந்து குனிந்து கேட்டார். டப்பாவைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "இத்தன வருசமா பின்னப் பிடுங்கிட்டு இருந்தோமே" என்றார், என்னைப் பார்க்காமல்.

4. மேடையில் சொன்னது

சாரின் விரல் ஆறிய பிறகு, காரமடையில் ஒரு கல்யாணம். பவர் டிரான்ஸ்ஃபார்மருக்குப் புதிதாகச் சுருள் கட்டிய வால்வ் செட்டையும் டப்பாவையும் கொண்டுபோனேன். காலையிலேயே எல்லாம் மாட்டியாகிவிட்டது. சார் வந்தார். கிடாரைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பிளக்கெல்லாம் புதுசுதானுங்களே?" என்றார்.

அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. "பிளக்கு பழசில்லீங்க சார். அன்னைக்கு எர்த் பின்னக் கழட்டுனது நான்தானுங்க."

அவர் நிமிர்ந்தார். "ஏனுங்க கழட்டுனீங்க?"

"இரைச்சல் நின்னாப் போதும்னு நெனச்சேனுங்க. என்ன ஆவும்னு யோசிக்கலீங்க."

நாதஸ்வரக்காரர்கள் கீழே சீவாளியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் தன் விரல்களில் இருந்த வடுவைத் தடவிப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வோல்ட் மீட்டரை எடுத்துக் கிடார் கம்பிக்கும் மைக்குக்கும் நடுவில் வைத்தேன். முள் அசையவில்லை. டிரான்சிஸ்டர் செட்டின் கேபிளை உருவிவிட்டு மறுபடி வைத்தேன். அசையவில்லை. பிறகு இடது கையால் கம்பிகளையும் வலது கையால் மைக்கையும் நானே பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து எண்ணும்வரை விடவில்லை.

"போதும், விடுங்க அம்மணி" என்றார் சார். கிடாரை வாங்கி மாட்டிக்கொண்டு ஒரு கார்டு வாசித்தார். முகம் சுளித்தது. "இரைச்சல் இல்லீங்க. ஆனா கனத்தக் காணமே? கொசு பாடற மாதிரி இருக்குதுங்க."

எனக்கும் கேட்டது. கடையில் தள்ளித் தள்ளி வைத்தபோது தெரியாதது, இங்கே பக்கத்துப் பக்கத்தில் வைத்ததும் தெரிந்தது. ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்து, கனமான சத்தத்தை ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன. டப்பாவைத் திறந்து டிரான்ஸ்ஃபார்மரின் வெளிப்பக்க ஒயர் இரண்டையும் இடம் மாற்றிப் பற்றவைத்தேன்.

மறுபடி வாசித்தார். மேடைப் பலகை என் காலடியில் அதிர்ந்தது. அவர் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்க வாசித்தார். முடித்துவிட்டு டப்பாவின் மூடியைத் திறக்கச் சொன்னார். கணக்கு வாத்தியார் அல்லவா, உட்கார்ந்து ஒவ்வொரு ஒயராக எங்கே போகிறது என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல, தன் பாக்கெட் டைரியில் அந்த வளையத்தை வரைந்துகொண்டார்.

இன்று இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இரைச்சல் வந்தால் முதலில் தாளை எடுத்து வளையத்தை வரையுங்கள். அதைச் சத்தம் போகும் வழியில் வெட்டுங்கள், எர்த்தில் ஒருபோதும் வெட்டாதீர்கள். வேலை முடிந்ததும், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, வாசிக்கப்போகிறவர் தொடுவதற்கு முன்னால் நீங்கள் தொடுங்கள். அதற்குத் தைரியம் வரவில்லை என்றால், வேலை இன்னும் முடியவில்லை.