கதவுச் சீலைக்கு அந்தப் பக்கம் தம்பி

எவ்வளவு அழகான படத்தைக் காட்டினாலும் எங்கள் மாமா "தட்டையா கிடக்கு" என்றுதான் சொல்லுவார். உம்மாவின் ஒரே தம்பி அவர். கல்முனையில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் கொடுத்தார். மிச்ச நேரமெல்லாம் படங்களைத் தட்டையிலிருந்து மீட்பதில் போனது.

அதற்கென்று சந்தைப் பக்கத்துக் கடையொன்றில் பழைய சின்னக் கமரா ஒன்றை வாங்கியிருந்தார். இடது காலில் பாரத்தைப் போட்டு ஒரு படம், வலது காலுக்கு மாறி இன்னொரு படம். இடக்கண் காண்பது முதற்படம், வலக்கண் காண்பது இரண்டாவது. இரண்டையும் ஓர் அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, சப்பாத்துப் பெட்டியில் இரண்டு பூதக்கண்ணாடிகளைப் பொருத்தி அவரே செய்த பார்வைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தால், எங்கள் கிணற்றடி வாளி எழுந்து நிற்கும். நான் அதைத் தொடக் கையை நீட்டி, எதிரே நின்ற மாமாவின் வயிற்றில் குத்தியிருக்கிறேன்.

ஒரே தொல்லை, மாமா கால் மாற்றி முடிக்கும் வரை எதிரே இருப்பது அசையக் கூடாது. ஆகவே வாளி, அம்மி, சாய்ந்தமருதுக் கரையில் இழுத்துப் போட்ட தோணிகள் என்று அசையாத சாமான்களாகவே எடுத்துத் தள்ளினார். கடல் அவருக்கு ஒத்துழைக்கவில்லை.

என் தம்பி பிறந்தபோது வாப்பா கட்டாரில் இருந்தார். தினமும் போனில் அவனைப் பார்ப்பார், தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "என்னா பருமன் இரிக்கான்?" ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மட்டும் உம்மாவால் பருமனைக் காட்ட முடியவில்லை. கடைசியில் மாமாவிடம் சொன்னார்: "உன்ட பெட்டிக்குள்ள இவனப் போட்டு அனுப்புடா. இந்தக் கன்னத்த அவர் பாக்கணும்."

மாமா படம் எடுத்தார். பெட்டிக்குள் தம்பிக்கு இரண்டு தலை இருந்தது.

சில நாள் யோசித்துவிட்டு, வேறு கமரா வாங்கத்தான் வேண்டும் என்று மாமா புறப்பட்டார். கலியாண வீடுகளில் கழுத்தில் தொங்குமே, அந்தப் பெரிய கமராவோடு வருவார் என்று நான் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அவரோ பழைய கமராவைப் போலவே, நிறம் மட்டும் வேறான இன்னொன்றோடு வந்து இறங்கினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இரிக்கிற சாமானையே திரும்ப வாங்கிட்டு வந்திரிக்கியே, உனக்கு என்ன பைத்தியமாடா?" என்றார் உம்மா.

"பெரிய கமரா ரெண்டப் பக்கத்தில வெச்சா கண்ணு ரெண்டும் தூரப் போயிரும் ராத்தா. சின்னதுதான் சரி. ரெண்டும் ஒரே இனமாவும் இரிக்கணும்."

ஒரு பலகைத் துண்டில் இரண்டையும் அருகருகே திருகாணியால் முடுக்கினார். உம்மா தம்பியை மடியில் வைத்து வாசற்படியில் இருக்க, பின்னால் பச்சைக் கதவுச் சீலை தொங்க, முற்றத்தில் நின்று இரண்டு பொத்தானையும் ஒன்றாக அமுக்கினார். தம்பி கையையும் காலையும் உதறியபடியே ஒற்றைத் தலையோடு படத்தில் விழுந்தான்.

ஸ்டூடியோவில் கழுவிய படங்களின் பின்பக்கம் மாமா ஒன்று, இரண்டு என்று எழுதிக் கொடுத்தார். ஒட்டியது உம்மா. அக்கம்பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் ஓதிக் கொடுப்பவர், நிதானமான கை. கட்டாருக்குப் போகிறவரின் வேன் வாசலில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்ததால், அட்டையைப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்காமலே இரண்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாப்பா பேசினார். "நல்லா இரிக்கி. ஆனா சீலை முன்னுக்கு வருது, மகன் அங்கால போறான்."

மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. உம்மாவைக் கூப்பிட்டு, இன்னொரு சோடியைத் தன் கண் முன்னால் வைக்கச் சொன்னார். உம்மா ஒன்றாம் படத்தை எடுத்து, யோசிக்காமல் வலப்பக்கம் வைத்தார். அதற்கு இடப்பக்கத்தில் இரண்டாம் படம். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னடா சிரிப்பு? வலத்தால தானே தொடங்குற?" என்றார் உம்மா. அவருக்குப் பக்கத்தில் விரித்தபடி இருந்த, ஓதுகிற அரபுக் கிதாபும் அப்படித்தான் தொடங்கியது.

மாமா வாப்பாவுக்குப் போன் போட்டு, இடக்கண் படம் வலக்கண்ணுக்குப் போனதால் கிட்டவும் தூரமும் தலைகீழாகிவிட்டது என்று சொல்லி, நடுவால் வெட்டி இடம் மாற்றி ஒட்டச் சொன்னார். மனம் ஆறாமல், சரியாக ஒட்டிய சோடியொன்றையும் அடுத்துப் போனவரிடம் கொடுத்து விட்டார்.

தம்பி நடக்கத் தொடங்கிய பிறகு வாப்பா லீவில் வந்தார். சாமான்களைப் பிரித்தபோது அந்தப் பெட்டியும் வந்தது. உள்ளே வெட்டுப்படாத பழைய அட்டை, விளிம்பெல்லாம் விரல் அழுக்கேறிக் கிடந்தது. சரியான சோடி புதுசாகவே உறைக்குள் இருந்தது.

"மச்சான், மாத்தி ஒட்டச் சொன்னனே!" மாமா உண்மையாகவே நொந்துபோனார்.

வாப்பா சிரித்துக்கொண்டு பெட்டியை என்னிடம் நீட்டினார். பார்த்தேன். பச்சைச் சீலை மூக்கில் முட்டுகிற மாதிரி கிட்ட நின்றது. அதற்கு அந்தப் பக்கம், வெளியே, உம்மாவும் தம்பியும்.

"இது பிழை வாப்பா," என்றேன் பெரிய மனுஷி போல.

"ஓம் மகள், பிழைதான்," என்று சொல்லி அதைப் பத்திரமாக அலுமாரிக்குள் வைத்தார். தம்பி அவர் காலைக் கட்டிக்கொண்டு நின்றான்.

என் கணவர் வேலைக்காகக் கடல் கடந்து போயிருக்கும் இந்த நாட்களில் அந்தப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். சரியான படத்தில், பார்க்கிறவர் விருந்தாளி போல முற்றத்தில் நிற்கிறார். பிழையான படத்தில் அவர் வீட்டுக்குள் நிற்கிறார்.