முதல் மூன்று சிப்பி

பழைய பல் பிரஷ்ஷால் சிப்பியின் முதுகைத் தேய்த்து, ஓட்டிலிருந்து நார்போல் நீட்டிக்கொண்டிருந்த தாடியைப் பிடுங்கி, அம்மா வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பிடுங்கியதெல்லாம் பாதியில் அறுந்தது.

"பெரிய இன்ஜினியரு. ஒரு தாடி பிடுங்கத் தெரியல. கீழ்ப்பக்கமா இழுடி, தானா வரும்."

எனக்குத் தெரிந்தது கொதிகலன்கள். சிப்பி அவள் துறை. பாறையிலிருந்து பெயர்த்து, துறைமுக வாசலில் உட்கார்ந்து விற்பாள். வாய் திறந்த சிப்பியை நகத்தால் சுண்டுவாள். மூடிக்கொண்டால் கூடைக்கு, மூடாவிட்டால் செத்தது, கடலுக்கு. பேரம் பேசினால் அவளுக்குக் காது கேட்காது. எடை குறைவு என்று முணுமுணுத்தால் மட்டும் நன்றாகக் கேட்கும்.

அன்று இரண்டு பங்காகப் பிரித்தாள். ஒன்று அடுப்புக்கு. மற்றது வலைப்பையில் முடிந்து ஸ்கூட்டர் கொக்கியில். என் தம்பி வீட்டுக்கு.

"பிள்ளைங்க ரெண்டும் சிப்பி சிப்பின்னு உயிரை வாங்குதுங்க. தின்னுட்டு ஒரு எட்டு போய்க் குடுத்துட்டு வந்துடறேன்."

அதற்கு முன் பல வாரம் கடல் துருத்தண்ணீர்போல் சிவந்து கிடந்தது. சிப்பி எடுக்கக் கூடாது என்று பலகை வைத்தார்கள். அவளும் எடுக்கவில்லை. பிறகு கடல் தெளிந்தது. பலகை மட்டும் நின்றது.

"தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கு. பலகையைப் பிடுங்கத்தான் அவனுங்களுக்கு உடம்பு வளையல."

எந்தப் பானையிலும் முதல் மூன்று சிப்பி அவளுக்கு. நின்றுகொண்டே தின்பாள். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். "நான் கால் மணி நேரம் சாகாம நின்னா நீங்க தட்டை எடுக்கலாம்." எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதே வேடிக்கைதான். அன்று மூன்றோடு நிறுத்தவில்லை. இத்தனை நாள் ஆசை. ஒரு கிண்ணம் தின்றாள்.

வழக்கம்போல் கேட்டேன். "இருக்கியா, போயிட்டியா?"

"உதடு மதமதன்னு இருக்குடி."

சாயங்காலம் மருத்துவர் விளக்கினார். கடலைச் சிவக்கவைத்தது ஒரு பாசி. சிப்பி கடல்நீரை வடிகட்டித் தின்னும்போது பாசியின் நஞ்சு அதன் சதையில் சேர்ந்துவிடும். நீர் தெளிந்த பிறகும் வாரக்கணக்கில் தங்கும். சிப்பிக்கு ஒன்றும் ஆகாது. கொதிக்கவைத்தாலும் நஞ்சு போகாது. இதை என்னிடம் சொல்கிறார், கொதிநீரைப் பற்றி. மூச்சுத் தசைகள் செயலிழந்துவிட்டன என்றார். கடைசிவரை நினைவு இருந்திருக்கும் என்றார். தலையாட்டினேன். இன்னும் ஒரு சொல்லும் உள்ளே இறங்கவில்லை.

கண்ணில் நிற்பது வேறு. உதடு மரத்ததும் அவள் தண்ணீர் கேட்கவில்லை. பானையை எட்டி உதைத்துக் கவிழ்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டருக்குப் போனாள். விரல்கள் மடங்கவில்லை, மணிக்கட்டால் நெம்பிப் பையைக் கீழே தள்ளினாள். பை கைதவறி விழுந்தது, இந்த நிலையிலும் தம்பி வீட்டுக்குக் கிளம்புகிறாள் என்று நினைத்தேன்.

"நீ உட்காரும்மா. நான் குடுத்துட்டு வர்றேன்."

அவளுக்கு நாக்கு புரளவில்லை. நான் நீட்டிய கையை முழங்கையால் தட்டிவிட்டு, பையின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.