திரும்பிப் பார்க்காமல் வாங்கிய கம்பளி

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் மானக்கேடு. சும்மா முட்டாளும் அல்ல. கந்தோரில் சம்பளம் வாங்கிக்கொண்டு, காதில் சிவப்புப் பென்சிலைச் செருகிக்கொண்டு, முறைப்படி முட்டாளாக இருந்தவன். ஒரு மனிதர் உலகத்தை விட்டுப் போக ஆயத்தமாகித் தன் கம்பளியை என் கையில் தந்தபோது, முப்பத்திரண்டு பல்லையும் காட்டி வாங்கிக்கொண்டு சீட்டியடித்தபடி நடந்து போனவன் நான். அந்தக் கம்பளி இன்றும் என் கட்டிலின் கால்மாட்டில் கிடக்கிறது. கருநீலம், ஓரத்தில் சிவப்புக் கோடு. ஒரு மூலையை எலி தின்றுவிட்டது. மிச்சத்தைத் தின்ன அதற்கும் மனம் வரவில்லைப் போலும்.

அப்போது நான் கட்டுக்கரைக் குளத்து நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர். எனக்கு மேலே ஓவசியர். குளக்கட்டையும், வயலுக்குத் தண்ணீர் விடுகிற துருசுகளையும் பார்ப்பது அவர் பொறுப்பு. யாழ்ப்பாணத்து மனிதர், மனைவி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர். வந்த முதல் மாரியிலேயே முறைக் காய்ச்சல் பிடித்தது. அந்தப் பக்கத்தில் காய்ச்சல் பிடிக்காதவர் யார்? ஆனால் எங்களுக்கு வந்து போனது. அவரிடம் வந்து குடியிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், பத்து மணியானால், கந்தோர் மணிக்கூட்டை விடச் சரியாகக் குளிர் தொடங்கும். கட்டில் கிடுகிடுக்கும். கொயினா மருந்து குடித்துக் குடித்துக் காது இரைந்து, முகம் மஞ்சளித்து, நான்காவது வருடத்தில் வயிற்றின் இடப்பக்கம் ஒரு கட்டி கல்லுப்போல நின்றது. மாற்றம் கேட்டு அவர் எழுதிய விண்ணப்பங்களை நான்தான் அழகான கையெழுத்தில் படியெடுத்தேன். கொழும்பிலிருந்து வந்த பதில்கள் என் கையெழுத்தை விட அழகாக இருந்தன. எல்லாம் 'இல்லை'.

அவருடைய காய்ச்சல் நாட்களைக் கந்தோர்க் கலண்டரில் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு வைத்தவன் நான். வேலையை ஒழுங்கு செய்ய என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது ஒரு பகிடி. வட்டமிட்ட நாளில் கஞ்சியோடு போவேன், கம்பளியை இழுத்து மூடுவேன், அவர் நடுங்குவதுபோல நானும் நடுங்கிக் காட்டுவேன். பல்லுக் கிட்டிக்கொண்டே அவரும் சிரிப்பார். வட்டமில்லாத நாளில் நான் அந்தப் பக்கமே போவதில்லை. சுகமாயிருக்கிற மனிதரிடம் போய் என்ன செய்வது? அந்த நாட்களில் அவர் விறாந்தைக் கதிரையில் குளத்தைப் பார்த்தபடி இருப்பது தூரத்தில் தெரியும். காலையில் இருந்த அதே இருப்பு மாலையிலும் இருக்கும். வெற்றிலையை விட்டார். ஊருக்குக் கடிதம் எழுதுவதை விட்டார். சவரக்கத்தியைத் தோட்டிக்குக் கொடுத்தார், மணிக்கூட்டைப் பியோனுக்குக் கொடுத்தார். மனிதர் தாராளமாகிவிட்டார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அந்தப் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. முறைக் காய்ச்சல் தொடர்ந்து மூன்று முறை வராமல் தப்பினால், அது விட்டுப் போனதென்று கணக்கு. அப்போது, போர்த்திய கம்பளியை வேறொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். வாங்குகிறவர், கொடுத்தவரைத் திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும். பார்த்தால் காய்ச்சல் வழிகண்டு திரும்பி வந்துவிடுமாம்.

மார்கழி மாதம், குளம் விளிம்பு தட்டி நின்றது. கறுத்த தண்ணீர். மழை விட்டிருந்தும் காற்று விடவில்லை. மத்தியானம் ஓவசியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கம்பளியை நான்காக மடித்து மடியில் வைத்திருந்தார்.

"இந்தாரும் கிளாக்கர், கொண்டுபோம். எனக்கு இனித் தேவையில்லை."

"விட்டிட்டுதோ ஐயா?"

"ஓம். விட்டிட்டுது. திரும்பிப் பாராமல் போம்."

நான் போனேன். அவர் முகத்தை ஒருதரம் பார்த்திருந்தால் போதும். வழக்கத்தை அவ்வளவு பக்தியாய் வாழ்க்கையில் வேறெந்த நாளும் நான் காத்ததில்லை; ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூடக் கொட்டாவி விடுகிறவன்.

கம்பளியை ராசாவைப்போலத் தோளில் போர்த்திக்கொண்டு, வியர்வை ஒழுக, சின்னத் துருசடியில் இருந்த நானாவின் கொட்டிலுக்குப் போனேன். நானா முசலிப் பக்கத்து முஸ்லிம் மனிதர். துருசுக் கதவைத் திறந்து மூடுவது அவர் வேலை. என்னை விட நான்கு வயது மூப்பு, நாலாயிரம் மடங்கு புத்தி.

"என்ன கிளாக்கர், உச்சி வெயில்ல கம்பளி? உங்களுக்கும் புடிச்சிட்டுதோ?"

"எனக்கில்லை நானா. ஓவசியருக்கு விட்டிட்டுது. இதைத் தந்திட்டார்!"

நானா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் நின்றது.

"நேத்து நடுங்கினவரெல்லோ?"

அவர் கேட்ட பிறகுதான் என் தலைக்குள் கலண்டர் விரிந்தது. நேற்று வட்டம். நானே போட்ட வட்டம். நாளைக்கும் வட்டம். மூன்று முறை என்ன, ஒரு முறைகூடத் தப்பவில்லை.

"யா அல்லாஹ்," என்றார் நானா. "ஓடி வாங்கோ."

பெரிய துருசடியில், கட்டின் மேல், அவருடைய சப்பாத்துகள் இரண்டும் சோடியாக, கோயில் வாசலில் கழற்றியதுபோல ஒழுங்காக இருந்தன. அவற்றின் மேல் தொப்பி. கீழே, தண்ணீருக்குள் இறங்கும் கற்படியில் அவர் உட்கார்ந்திருந்தார். முழங்கால்வரை தண்ணீர். நீர்க்காகம் ஒன்று பக்கத்துக் கல்லில் சிறகை விரித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கம்பளியோடு கட்டின் மேலேயே நின்றேன்.

நானா மேல்படியில் மெதுவாகக் குந்தினார். "ஐயா, துருசுக் கதவு இறுகிப்போச்சு. தனிய என்னால ஏலாது. ஒரு கை தாறியளோ?"

கதவை நேற்றுத்தானே எண்ணெய் போட்டுத் திறந்தோம் என்று நான் சொல்லப் போனேன். நானா என்னைப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது.

பிறகு ஓவசியர், எங்களைப் பார்க்காமலே சொன்னார்: "குளிர் வாற நாளில பயமில்லை நானா. உடம்புக்கு வேலை கிடக்கு. மற்ற நாளிலதான்... அது வாறதைப் பாத்துக்கொண்டே இருக்கவேணும்."

"ஓம் ஐயா," என்றார் நானா. "வாங்கோ, கதவைப் பாப்பம்." கையை நீட்டினார். நீட்டியபடியே வைத்திருந்தார். என் கையாயிருந்தால் வலித்து இறக்கியிருப்பேன். கடைசியில் ஓவசியர் அதைப் பிடித்தார்.

இறுகாத கதவை மூன்று பேரும் சேர்ந்து திறந்தோம். கம்பளியை அன்றே அவர் கட்டிலில் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டேன். அதன்பின் வட்டமில்லாத நாளெல்லாம் நானும் நானாவும் மாறி மாறி அவர் விறாந்தையில் போய் இருந்தோம். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. தாயம் விளையாடினோம், நான் தோற்றேன். காய்ச்சல் போகவில்லை. அவர் மனத்துக்குள் இருந்த இருட்டும் முழுதாகப் போகவில்லை. சில நாள் கதிரையில் அவர் இருக்கும் விதத்திலேயே அது வந்திருப்பது தெரியும், நாங்களும் கூட இருப்போம். இரண்டு மாரி கழித்து மாற்றம் கிடைத்தது. முருங்கன் ஸ்ரேசனில் கம்பளியை மறுபடி என் கையில் வைத்தார். அன்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவரும் யன்னலால் பார்த்துக் கையைக் காட்டினார்.

இப்போது நான் மன்னார்ப் பட்டினத்தில், ஓய்வூதியக்காரன். வெள்ளைக்காரனும் இன்னும் போகவில்லை, என் தொய்வும் போகவில்லை. மூச்சு இழுக்கிற நாளில் வீடு நிறைய ஆட்கள். கசாயம், விசாரிப்பு, செபம். இழுக்காத நாளில் எல்லாரும் தங்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். நான் கட்டிலில் இருந்து, அடுத்த இழுப்பு எந்தப் பக்கத்தால் வரும் என்று வாசலைப் பார்க்கிறேன். ஓவசியர் அன்று சொன்னது விளங்க எனக்கு இத்தனை வருடம் பிடித்தது. முட்டாள் என்று சொன்னேனே.

நேற்று, இழுப்பில்லாத நாள், பின்னேர அஸர் தொழுகை முடிந்து நானா வந்தார்; அவரும் இப்போது இந்தப் பட்டினத்தில்தான். பிளேன்டீ குடித்தார், என் மீசையைப் பழித்தார், எழும்பினார். எனக்கு என்ன தோன்றியதோ, கம்பளியை எடுத்து மடித்து நீட்டினேன்.

"கொண்டுபோங்கோ நானா. எனக்கு இனி என்னத்துக்கு?"

பகிடியாகத்தான் சொன்னேன். அப்படித்தான் இப்போதும் சொல்லிக்கொள்கிறேன். நானா கம்பளியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி கதிரையில் இருந்தார்.

"நான் திரும்பிப் பாக்கிற ஆள், கிளாக்கர்."