ஐஸ்காரன் மூட்டிய நெருப்பு

சின்னராசா அண்ணன் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரர். சீனக்குடா மீன்பிடித் துறைமுகப் பக்கம் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் வேலை. வேலை என்றால் கதிரையில் இருந்து செய்வதல்ல. ஆள் நீளத்துக்கு வரும் ஐஸ் பாளங்களைக் கொக்கி போட்டு இழுக்க வேண்டும், அரைக்கிற இயந்திரத்துக்குள் தள்ள வேண்டும், நொறுங்கியதைப் படகுகளுக்கு ஏற்ற வேண்டும். வெளியே திருகோணமலை வெயில், உள்ளே பனி. ஒரே நாளில் இரண்டு தேசத்தில் கூலி வேலை செய்கிற மாதிரி. விடிய முதல் போய் மத்தியானம் தாண்டி வருவார். வரும்போது உள்ளங்கை இரண்டும் தேத்தண்ணியில் விழுந்த பாண் துண்டு போல ஊதி வெளுத்திருக்கும்.

வந்ததும் சாப்பிடுவார். சாப்பிடும்போதே நித்திரை கொள்வார். ஒருமுறை கை சோற்றுக் கோப்பைக்குள் இருக்க, வாயில் முருங்கைக்காய்த் துண்டு இருக்க, மனிசன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் முருங்கைக்காயை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. நித்திரையிலும் பிடி விடாத ஆள்.

இப்படிப்பட்டவரைத்தான் ஆதிமனிதனாக்கி, குகைக்குள் இருத்தி, நெருப்பு மூட்டச் சொன்னார்கள். ஊரில் வேறு ஆளே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்திருக்கும். ஆனால் வகுப்பில் கை தூக்கியது அவருடைய மகள் கீர்த்தனி.

கீர்த்தனி ஆறாம் வகுப்பு. சின்னப் பள்ளிக்கூடத்தில் இருந்து அந்த வருடம்தான் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாறியவள். அங்கே அவளுக்குப் பெயர் இல்லை, ‘ஐஸ்காரன்ட மகள்’ மட்டும்தான். பக்கத்தில் இருந்தால் மீன் நாறுது என்று ஒரு பெடியன், யதுர்சன் என்று பெயர், தன் வாங்கிலைத் தள்ளிப் போட்டவன். ஐஸில் எங்கே மீன் நாற்றம் வரும்? ஐஸ் போனபிறகு அல்லவா மீன் நாறும். ஆனால் இதையெல்லாம் ஆறாம் வகுப்பில் ஆர் கேட்கிறார்கள்? அவள் ஒருவரோடும் கதைப்பதில்லை. கேள்வி கேட்டால் மேசையைப் பார்ப்பாள்.

பள்ளிக்கூடக் கண்காட்சி வந்தது. சரித்திரம் படிப்பிக்கிற நிவேதிகா ரீச்சர், “ஆதிமனிதன் எப்பிடி நெருப்பு மூட்டினவன் எண்டு செய்து காட்ட ஆருக்குத் தெரியும்?” என்று கேட்டார். கீர்த்தனியின் கை மேலே போனது.

“என்ர அப்பாவுக்குத் தெரியும் ரீச்சர். ரெண்டு தடியை உரசியே மூட்டுவார்.”

பொய் சொல்கிற பிள்ளை அல்ல. அவள் அதை நம்பியிருந்தாள். காஸும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை, கரண்டும் இல்லை என்று நாடே இருட்டில் கிடந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது அவள் சின்னப் பிள்ளை. இருட்டுக்குப் பயந்து அழுதவளைத் தோளில் போட்டுக்கொண்டு சின்னராசா அண்ணன், “லைற் இல்லாட்டி என்னடி குஞ்சு, ரெண்டு தடி கிடைச்சா அப்பா நெருப்பு மூட்டிப்போடுவன்” என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை நித்திரையாகிவிட்டது. அவரும் மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை.

“அப்பா, வெள்ளிக்கிழமை நீங்க பள்ளிக்கூடத்துக்கு வரோணும்.”

“ஏன், ரீச்சர் கூப்பிட்டவவோ? ஆருக்கு அடிச்சனி?”

“அடிக்கேல்ல. நீங்கதான் ஆதிமனிசன்.”

குசினிக்குள் இருந்து பூரணி அக்கா, அவருடைய மனிசி, எட்டிப் பார்த்தார். “அதுக்கு வேசம் கட்டத் தேவையில்லை. இப்பிடியே கூட்டிக்கொண்டு போ.”

விசயம் முழுக்க விளங்கியபோது அண்ணன் ‘ஏலாது’ என்று சொல்லியிருக்கலாம். வாயைக்கூடத் திறந்தார். ஆனால் கீர்த்தனி அன்றைக்கு வகுப்பில் நடந்ததைக் கைகால் ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். யதுர்சன் கூட, “உண்மையாவோ?” என்று திரும்பிக் கேட்டானாம். பல மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் பள்ளிக்கூடக் கதை. அண்ணன் திறந்த வாயால் கொட்டாவி விட்டு மூடிக்கொண்டார்.

அந்தக் கிழமை பின்னேரங்களில், கீர்த்தனி ரியூசனுக்குப் போனபிறகு, வளவுக்குள் ஒத்திகை நடந்தது. காய்ந்த பலகையில் ஒரு குழி. அதற்குள் ஒரு தடியை நிறுத்தி, இரண்டு கையாலும் மோர் கடைவது போலக் கடைய வேண்டும். அடியில் நெருப்புப் பிடிக்கக்கூடிய ஏதாவது வைக்க வேண்டும். அண்ணன் வைத்தது தொழிற்சாலையில் இருந்து பையில் கொண்டுவந்த மரத்தூள். கடைந்தார், கடைந்தார். வியர்வை பலகையில் விழுந்தது. தூள் தூளாகவே கிடந்தது.

பூரணி அக்கா வந்து ஒரு பிடி அள்ளிப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது. “உது ஐஸ் மூடி வைக்கிற தூள் மனிசா! உப்புத் தண்ணியில ஊறினதுக்கு நெருப்பு வைக்கிறியள்.”

அண்ணன் அதைத் தொட்டுப் பார்த்தார். “ஈரமோ இது?” என்று உண்மையாகவே கேட்டார். நாள் முழுக்க ஈரத்துக்குள் நிற்கிற ஆளுக்கு ஈரம் ஈரமாகத் தெரிவதில்லை.

பிறகு காய்ந்த தேங்காய்த் தும்பு வைத்துப் பார்த்தார். ஒரு பின்னேரம் புகை மணந்தது. நான் வேலியில் ஏறியே விட்டேன். பார்த்தால் குசினியில் பருப்பு அடிப்பிடித்த புகை. அண்ணனுடைய ஊறிய உள்ளங்கைத் தோல் தடியோடு உரிந்து வந்ததுதான் மிச்சம். சரித்திரப் புத்தகத்தில் ஆதிமனிதன் சிரித்துக்கொண்டு நெருப்பு மூட்டுவான். படித்த காலத்தில் நான் அவனுக்கு மூக்குக்கண்ணாடியும் மீசையும் வரைந்துவிட்டவன். அவனுக்கும் கை உரிந்திருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

வியாழக்கிழமை அண்ணன் பரீதா ராத்தாவிடம் போனார்.

ராத்தாவின் முழுப்பெயர் சித்தி பரீதா. ஒழுங்கை முகப்பில் அப்பம் சுட்டு விற்கிறவர். எங்கள் வீடுகளில் எல்லாம் காஸ் அடுப்பு. ராத்தாவுக்கு மட்டும் பொச்சும், அதுதான் தேங்காய் மட்டையும், சிரட்டையும் எரிகிற அடுப்பு. அது முழுதாக அணைந்து நான் கண்டதில்லை. கடை மூடும்போது தணலைச் சாம்பலால் மூடிவிட்டுப் போவார், காலையில் கிளறி ஊதுவார். வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போட எங்கள் வீட்டுச் சாமி அறைகளுக்கெல்லாம் தணல் போவது இந்த அடுப்பில் இருந்துதான். ராத்தா பிஸ்மி சொல்லி அள்ளித் தருவார். ஆனால் ஒரு சட்டம் உண்டு. தணல் எடுத்த வீடு பிறகு பொச்சுக் கொண்டுவந்து அடுப்படியில் போட வேண்டும். மறந்தால் அடுத்த கிழமை அந்த வீட்டுச் சாமிக்குப் புகை கிடையாது.

“ராத்தா, நாளைக்குக் கொஞ்சம் தணல் வேணும்.”

“சாம்பிராணிக்குத்தானே? எடுங்க தம்பி.”

“சாம்பிராணிக்கில்லை. ஆதிமனிசனுக்கு.”

ராத்தா அகப்பையைக் கீழே வைத்தார். “அவன் யாரு? எந்த ஊரு?”

அண்ணன் சொன்னார். ராத்தா சிரிக்கவில்லை. உரிந்த கையைப் பார்த்துவிட்டு, “புள்ளக்கிட்ட நெசத்தைச் சொல்லிட்டா என்ன?” என்றார்.

“சொல்லலாம் ராத்தா. ஆனா அது அந்தப் பள்ளிக்கூடத்தில முதல்முதலா கையைத் தூக்கினதே இதுக்குத்தான். நான் ஏலாது எண்டா, பிறகு அது கையைத் தூக்காது.”

ராத்தா கொஞ்ச நேரம் அடுப்பைக் கிளறினார். “சிரட்டையில அடியில சாம்பல் போடுங்க, நடுவுல தணல், மேலயும் சாம்பல். காத்துப் படாம வெச்சா பகல் வரைக்கும் கிடக்கும். தும்பைப் போட்டு ஊதினாப் புடிச்சிரும்.”

களவு வேலைகளில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் இருப்பதால் சொல்கிறேன், திட்டம் திறம். சிரட்டையை மண்ணில் புதைத்து மேலே பலகையை வைப்பது, கடைவது போல நடிப்பது, குனிகிற சாட்டில் ஊதுவது. விழித்திருக்கிற ஆள் செய்தால் பிழை வரவே வழியில்லை.

வெள்ளிக்கிழமை விடிய, ஆழ்கடலுக்குப் போகிற படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஐஸுக்கு வந்து நின்றன. அண்ணன் ஓடி ஓடி ஏற்றிவிட்டு, மேற்பார்வையாளரிடம் கெஞ்சி, கண் சிவக்க சைக்கிளில் வந்து, ராத்தாவிடம் தணலை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்.

மைதானத்து வேப்பமரத்தடியில் குகை. தடி நட்டு, சீமெந்துப் பேப்பர் ஒட்டி, மண்ணிறம் பூசியது. உள்ளே கல்லாயுதங்கள் என்று வீதி போடுகிற சல்லிக்கல். சுவரில் இலங்கையின் ஆதிமனிதனான பலாங்கொடை மனிதனின் படம். அவர்கள் காட்டுநத்தை சாப்பிட்டார்கள், படிகக்கல்லைச் சின்னச் சின்னதாக உடைத்துக் கத்தி செய்தார்கள் என்று கீழே எழுதியிருந்தது. குகை வாசலில் ஒரு வாளி தண்ணீர். நிவேதிகா ரீச்சர் கவனமான ஆள். ஆதிமனிதனுக்குத் தீயணைப்புப் படை வைத்த முதல் ரீச்சர் அவராகத்தான் இருக்கும்.

அண்ணன் பூரணி அக்கா தைத்த சாக்கை உடுத்து, தும்புத் தாடி ஒட்டிக்கொண்டு உள்ளே போனார். சிரட்டையைப் புதைத்தார். பலகையை வைத்தார். பிரதம விருந்தினர் இன்னும் வரவில்லை. பிரதம விருந்தினர் என்றால் பிந்தித்தான் வருவார். குகைக்குள் நிழல், குளிர்ந்த மண். முதுகைச் சாய்க்க ஒரு சாக்கு. கண்காட்சி பார்க்க வந்த நான் சீமெந்துப் பேப்பர்க் கிழிசலால் பார்த்துக்கொண்டு நின்றேன். தலை ஒருமுறை விழுந்தது, எழும்பியது. அடுத்தமுறை விழுந்தது எழும்பவில்லை.

“ஏய் கீர்த்தனி,” யதுர்சன் கத்தினான், “உன்ர ஆதிமனிசன் செத்துப்போனார்!”

கேற்றடியில் வாகனச் சத்தம் கேட்டது. விருந்தினர் வந்துவிட்டார். கீர்த்தனி உள்ளே ஓடித் தோளைப் பிடித்து உலுப்பினாள். “அப்பா… அப்பா, எழும்புங்கோ.” அவர் எழும்பவில்லை. விரிந்து கிடந்த உள்ளங்கையை அப்போதுதான் கண்டாள். உரிந்த இடத்தில் மண் ஒட்டியிருந்தது. தானே கடைவோம் என்று நினைத்தோ என்னவோ தடியை எடுத்தாள். பலகை புரண்டது. கீழே சிரட்டை.

சாம்பலுக்கு மேலே கையைப் பிடித்துப் பார்த்தாள். சூடு.

நான் எல்லாருடைய முகத்தையும் நடித்துக் காட்டுகிறவன். பள்ளிக்கூட அதிபருடையது, ரீச்சருடையது, ராத்தாவுடையது, கேட்டால் இப்போதே காட்டுவேன். அந்த நேரத்துக் கீர்த்தனியின் முகத்தை மட்டும் இன்றுவரை ஒருவருக்கும் காட்டவில்லை.

ரீச்சர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். “முகத்தில கொஞ்சம் தண்ணி தெளிப்பம் பிள்ளை, சேர் வந்திட்டார்.”

“வேண்டாம் ரீச்சர்.”

“அப்ப நெருப்பு?”

கீர்த்தனி தனக்குத் தெரிந்ததுபோலச் சாம்பலை விலக்கினாள், தும்பை வைத்தாள், குனிந்து ஊதினாள். கண்ணில் புகை. திரும்ப ஊதினாள். தும்பு கறுத்து, சிவந்து, பற்றியது. சுள்ளி வைத்தாள். விருந்தினர் குனிந்து குகைக்குள் தலையை நீட்டியபோது நெருப்பு எரிந்துகொண்டிருந்தது, ஆதிமனிதன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன இது, இவர் உண்மையாவே நித்திரையோ?”

கீர்த்தனி பாடமாக்கி வைத்ததைத் தொடங்கினாள். “பல இலட்சம் வருடங்களுக்கு முன்…” அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு சொன்னாள்: “ஓம் சேர், நித்திரைதான். ஆதிமனிசருக்கு முதல் நெருப்பு மூட்டத் தெரியாது. காட்டில எரிஞ்சதை எடுத்துக்கொண்டு வந்து வச்சிருந்தவை. அணைஞ்சா அவ்வளவுதான். அதால ஒராள் முழிச்சிருந்து காவல் பார்க்கும், மற்ற ஆக்கள் படுப்பினம். இவர் விடிய முதல் இருந்து முழிப்பு. இப்ப என்ர முறை. மெதுவாக் கதையுங்கோ சேர்.”

விருந்தினர் பேசக் கொண்டுவந்த பேச்சை வாய்க்குள் வைத்துக்கொண்டு, பூனை நடை நடந்து வெளியே போனார். பின்னால் வந்த அத்தனை பேரும் அப்படியே. செருப்பைக் கழற்றிக்கொண்டு போனவர்களும் உண்டு. மத்தியானம் வரை அவள் அசையவில்லை. யதுர்சன் எங்கேயோ போய் ஒரு கட்டுப் பொச்சைக் கொண்டுவந்து, அவளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அங்கேயே குந்தினான். தள்ளி அல்ல.

முதற்பரிசு கிடைக்கவில்லை. அது தானாகத் திறக்கிற தண்ணீர்க் குழாய்க்குப் போனது.

கூட்டம் கலைந்தபிறகுதான் அண்ணன் திடுக்கிட்டு எழும்பினார். “ஐயோ, நெருப்பு!”

“எரியுதப்பா.”

“ஆர் மூட்டினது?”

“நீங்கதான். மூட்டிப்போட்டுத்தானே படுத்தனீங்கள். நினைவில்லையோ?”

அண்ணன் பலகையைப் பார்த்தார். அது புரண்டு ஒரு பக்கமாகக் கிடந்தது. மகளைப் பார்த்தார். அவள் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓம்,” என்றார். “களைப்பில மறந்துபோனன்.”

சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர் முன்னால், அவள் பின்னால் வந்தார்கள். ஒழுங்கை முகப்பில் ராத்தா அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கடக்கப் பார்த்தார். கீர்த்தனி நின்றாள். பையைத் திறந்து, யதுர்சன் கொண்டுவந்ததில் மிச்சமிருந்த பொச்சுகளை எடுத்து, ஒவ்வொன்றாக அடுப்படியில் அடுக்கினாள்.

ராத்தா அவளையும் பார்த்தார், அண்ணனையும் பார்த்தார். “சாம்பிராணி நல்லா மணந்திச்சா மகள்?”

“நல்லா மணந்தது ராத்தா.”

சின்னராசா அண்ணன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். நாளைக்கும் விடிய முதல் வேலை. கன்னத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த தும்புத் தாடியைப் பிடுங்கி, அந்தப் பொச்சுகளுக்கு மேலே வைத்தார்.